பாமாயில் பாக்கெட்டுகளில் வளர்ந்த மாங்கன்றுகள்

2020-ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவு ஆராதனை முடிந்ததும், வழக்கம்போல ஆலய வாசலில் தாம்பாளத்தில் பரப்பி வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை நான் எடுத்தேன். எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் வந்திருந்தது. நமக்காகக் கர்த்தர் நினைத்திருக்கிற நினைவுகள் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று சொல்லும் அந்த வசனத்தை அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் வீடு இருக்காது. நாட்காட்டியிலும் திருமண அழைப்பிதழிலும் வண்டிகளின் முகப்பிலும் அதைக் கண்டு பழகியவர்கள் நாம். மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, அரிசி டிரம்முக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்தேன். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு, அந்த அட்டையைப் பிய்த்து அடுப்பில் போட்டுவிட நான் எழுந்து நின்றேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நான் சொல்லும் சாட்சி பாதிச் சாட்சியாகத்தான் இருக்கும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்துக்குச் சற்று உள்ளே எங்கள் ஊர். சொந்தமாக ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு உண்டு. அந்த ஆண்டு அது போதாது என்று என் கணவர் பக்கத்தில் இரண்டு தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். எங்கள் பக்கத்துக் குத்தகை முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பூ எடுப்பதற்கு முன்பே தோப்புக்காரருக்குப் பெரும்பகுதிப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும், அதன் பிறகு மருந்தடிப்பது, காவல் இருப்பது, பறிப்பது, மண்டிக்கு ஏற்றுவது எல்லாம் நம் செலவு, வரும் காயும் நம்முடையது, வராத காயும் நம்முடையது. நகையை அடகு வைத்ததும் வட்டிக்கு வாங்கியதும் சேர்ந்து நான்கு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் அந்த மரங்களின்மேல் இருந்தது. பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். அந்த ரகம் மாங்கூழ் ஆலைகளை நம்பியே இருக்கிறது. ஆலைகள் கேட்கும் விலைதான் எங்கள் விலை.

மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. மே மாதம் இரண்டாவது வாரத்தில், பறிக்க ஆள் கிடைக்காமல் தாமே மரத்தில் ஏறிய என் கணவர் கிளை முறிந்து விழுந்து, அவருடைய தொடை எலும்பு உடைந்தது. ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்த மகன், ஆலை மூடப்பட்டதால் வேலையை இழந்து, கையில் ஒரு பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஜூன் மாதம் காய் முற்றியபோது எங்களுக்குக் கேட்கப்பட்ட விலை, பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாத விலையாக இருந்தது. இரண்டு வண்டி அனுப்பி, இரண்டு முறையும் கையிலிருந்து பணம் போட்ட பிறகு, மூன்றாவது வண்டியை நான் அனுப்பவில்லை. காய் மரத்திலேயே பழுத்தது. காற்றடித்தால் இரவெல்லாம் சொத்து சொத்தென்று விழும் ஓசை கேட்கும். படுத்திருந்த என் கணவர் ஒவ்வொரு ஓசைக்கும் கண்ணைத் திறப்பார். திறந்துவிட்டு ஒன்றும் பேசாமல் மறுபடியும் மூடிக்கொள்வார்.

அந்த நாட்களில் தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள் பலர். அவர்களுடைய அன்பை நான் மறக்கவில்லை. ஆயினும், "இதுவும் ஓர் ஆசீர்வாதம்தான், போகப் போகத் தெரியும்" என்று சிலர் சொன்னபோது என் நெஞ்சு எரிந்தது. நாங்கள் லுத்தரன் சபையார். 1518-இல் ஹைடல்பர்க் நகரில் மார்ட்டின் லூத்தர் முன்வைத்த வாதங்களில் ஒன்றை எங்கள் போதகர் ஐயா தவக்காலத்தில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்: சிலுவையை அறிந்தவன் தீமையைத் தீமை என்றும் நன்மையை நன்மை என்றும், உள்ளதை உள்ளபடியே சொல்லுவான் என்பது அதன் சாரம். எலும்பு முறிந்தால் அது எலும்பு முறிவு. கடன் கடன்தான். அவற்றுக்கு நல்ல பெயர் சூட்டுவதை நான் விசுவாசம் என்று ஒப்புக்கொள்வதில்லை. நம்முடைய ஆண்டவரே கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்றுதான் முதலில் வேண்டிக்கொண்டார்.

அட்டையைப் பிய்க்கப் போன இரவுக்கு வருகிறேன். என் மாமியாருக்கு அப்போது எண்பது வயதைத் தாண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் வேதத்தின் கதைகள் எல்லாம் அவருக்கு வரிசையாகத் தெரியும். ஆலயம் பூட்டியிருந்த அந்த மாதங்களில் மாலை ஜெபத்தில் எந்த அதிகாரத்தைப் படிக்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். நான் சுவரருகே நின்றதைக் கயிற்றுக் கட்டிலில் இருந்தபடியே பார்த்துவிட்டு, "ஏம்மா, அதைக் கிழிக்கிறதுன்னா கிழி. அதுக்கு முன்னாடி அந்த எண்ணெய்க்காரி கதையை ஒரு தரம் படி, எனக்குத் தூக்கம் வரல" என்றார். அத்தையின் பேச்சைத் தட்ட முடியாமல் விளக்கருகே உட்கார்ந்து இரண்டாம் இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன்.

கணவன் இறந்துபோன ஒரு பெண். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்து நிற்கிறான். அவள் எலிசாவிடம் ஓடுகிறாள். தீர்க்கதரிசி ஆறுதல் வார்த்தை எதையும் சொல்வதில்லை. "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்" என்று கேட்கிறான். ஒரு குடம் எண்ணெயைத் தவிர வேறொன்றும் இல்லை என்கிறாள். அப்படியானால் அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லாம் போய் வெறும்பாத்திரங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா, கொஞ்சமாக வாங்காதே, வந்து பிள்ளைகளோடு உள்ளே நின்று கதவைப் பூட்டிக்கொண்டு வார்த்து வை என்கிறான். பாத்திரங்கள் இருந்த வரைக்கும் எண்ணெய் வந்தது; இனி வேறு பாத்திரம் இல்லை என்று மகன் சொன்னபோது எண்ணெய் நின்றுபோயிற்று.

ஞாயிறு பள்ளிக் காலத்திலிருந்து எத்தனையோ முறை கேட்ட கதைதான் இது. கதவைப் பூட்டிக்கொண்டு என்ற சொல்லை, ஊரே கதவைப் பூட்டிக்கொண்டிருந்த அந்த மாதத்தில்தான் முதன்முதலாகக் கவனித்தேன். இன்னொன்றும் அன்றுதான் புரிந்தது. அந்த அற்புதம் நடப்பதற்கு முன் அவள் செய்ய வேண்டியிருந்த மிகக் கடினமான காரியம், தெருவில் இறங்கி, வீடு வீடாக நின்று, வெறும் பாத்திரம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டதுதான். கடன்பட்டவள் வீட்டு வாசலுக்கு வருவதைக் கண்டால் அயலார் என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் அந்த ஒரு மாதமாகத் தெருக் குழாய்க்குக்கூட விடிவதற்கு முன்பே போய்த் தண்ணீர் பிடித்து வந்துகொண்டிருந்தேன்.

படித்து முடித்ததும் அத்தை கேட்டார்: "சரி, நம்ம வீட்டுல என்ன இருக்குது?"

ஒன்றுமில்லை அத்தை என்றேன். "தோப்புல?" என்றார். அழுகின பழம் இருக்கிறது என்றேன். "பழம் அழுகினா?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நான் விழித்தபோது, கட்டிலில் படுத்திருந்த என் கணவர், விழுந்த நாளிலிருந்து தாமாக ஒரு வார்த்தையும் பேசாதவர், "கொட்டை இருக்கும்" என்றார்.

எங்கள் மாவட்டத்தில் சந்தூர் பக்கம் மாங்கன்று நாற்றுப் பண்ணைகள் ஏராளம். ஒட்டுச்செடி வாங்க வெளி மாநிலங்களிலிருந்தும் அங்கே வருவார்கள். ஒட்டுக் கட்டுவதற்கு முதலில் கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடி வேண்டும். அந்த வேர்ச்செடியைத் தண்டில் வெட்டி, நல்ல ரகத்துத் தாய்மரத்திலிருந்து எடுத்த குச்சியை ஆப்பு வடிவில் சீவி அதற்குள் பொருத்தி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. ஆனால் காய் விற்பவர்களாகவே இருந்த எங்களுக்குக் கொட்டை என்பது குப்பையாகவே இருந்தது. அதோடு ஒரு நெருக்கடியும் உண்டு. மாங்கொட்டையை நெல் விதைபோல அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்க முடியாது. பழத்தைவிட்டு வந்த நான்கைந்து வாரங்களுக்குள் மண்ணில் போடாவிட்டால் உள்ளே இருக்கும் பருப்பு உலர்ந்து உயிர் போய்விடும். அழுது தீர்ப்பதற்குக்கூட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் நானும் மகனும் கூடைகளோடு தோப்புக்குள் போனோம். அந்த வாடையை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. பழத்தின் தித்திப்பும் புளிப்பும் அழுகலும் சேர்ந்து தலையைச் சுற்றவைக்கும். ஈயும் குளவியும் மொய்க்கும். சதை கரைந்துபோன பழத்தைக் கையில் எடுத்துப் பிசைந்தால் தோல் வழுக்கிக்கொண்டு போகும், நாரோடு கொட்டை கையில் நிற்கும். தொட்டித் தண்ணீரில் போட்டு அலசி, மிதந்ததைத் தள்ளிவிட்டு, அமிழ்ந்ததை எடுத்துச் சாக்கில் பரப்பினோம். என் கணவர் கட்டிலை முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, ஒரு பழைய கத்தியை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கொட்டையின் நாரையும் வழித்தார். வலியும் வெட்கமும் நிறைந்திருந்த அந்த முகத்தில் நான் கண்ட முதல் கவனம் அது. பத்து நாளில் ஏறத்தாழ நான்காயிரம் கொட்டைகள் சேர்ந்தன.

செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து மேட்டுப்பாத்தி போட்டோம். முளைத்த பிறகு அவற்றை மாற்றி நட நாற்றுப் பைகள் வேண்டும். கடைகள் ஒழுங்காகத் திறக்கவில்லை. திறந்தாலும் ஆயிரக்கணக்கில் பை வாங்கப் பணம் இல்லை. அப்போதுதான் வெறும்பாத்திரம் என்ற சொல் என் காதில் திரும்பவும் விழுந்தது. அந்த ஆண்டு ஊரடங்கு மாதங்களில் ரேஷன் கடையில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு லிட்டர் பாமாயில் இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். எல்லா வீட்டிலும் காலி பாமாயில் பாக்கெட் இருந்தது. பால் பாக்கெட்டும் இருந்தது. கழுவி, அடியில் ஆணியால் நான்கு துளை போட்டால், மாங்கன்று ஓர் ஆண்டு வளர அது போதும்.

எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்கினேன். வாசலில் நின்று, "காலி எண்ணெய் பாக்கெட் இருந்தா குடுங்க" என்று கேட்கும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த வீட்டுத் தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இதுக்குப் போயி ஏன் இப்படி நிக்கிற?" என்று உள்ளே போனாள், அடுப்படியில் மடித்துச் செருகி வைத்திருந்த ஏழு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்ததோடு, அடுத்த வீட்டையும் அவளே கூப்பிட்டுச் சொன்னாள். மூன்று நாளில் எங்கள் தெருவிலிருந்தும் மேலத் தெருவிலிருந்தும் அறுநூறுக்கும் மேல் வந்தன. பெங்களூரில் கட்டட வேலை நின்றுபோய்த் திரும்பிவந்து சும்மா இருந்த இரண்டு பிள்ளைகள், கேட்காமலே வந்து மண் நிரப்பினார்கள். அவர்களும் எங்களைப்போல வெறும் கையோடு இருந்தவர்கள்தான். சாப்பாட்டைத் தவிர வேறு கூலி கொடுக்க எங்களிடம் இல்லை என்று சொன்னபோது, வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கிறது பெரியம்மா என்றார்கள்.

இந்த இடத்தில் என் மனத்தில் பட்டதைத் திறந்து சொல்ல விரும்புகிறேன். எரேமியாவின் அந்த வசனத்தை நான் வாழ்நாள் முழுவதும் தனியாகவே படித்திருந்தேன். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வருகிறது. சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்றும், எழுபது வருஷம் ஆகும் என்றும் அந்தக் கடிதம் சொல்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதன் சமாதானத்தில்தான் உங்களுக்குச் சமாதானம் இருக்கும் என்று சொன்ன பிறகே நம்முடைய அட்டை வசனம் வருகிறது. நான் அட்டையின்மேல் கோபப்பட்டது, அது ஜூன் மாதத்துக்குள் பணமாகவில்லை என்பதால். கடிதம் முழுவதையும் படித்தபோது அதில் தோட்டம் போடச் சொல்லியிருப்பதையும், அயலாருடைய சமாதானத்தோடு என் சமாதானம் கட்டப்பட்டிருப்பதையும் கண்டேன். வாக்குத்தத்த அட்டை கொடுக்கும் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அட்டையை வாங்கியவர்கள் அந்த இரவே வீட்டுக்குப் போய் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை படித்துவிட வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

நான்காயிரத்தில் ஆயிரத்து ஐந்நூறு போல முளைத்தது. முளைத்த மாங்கன்றின் முதல் இலைகளை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை பச்சையாக வருவதில்லை. தேய்த்து வைத்த செப்புக் குடத்தின் நிறத்தில், தொட்டால் துவண்டுவிடும்போல வரும். "பாரும்மா, செம்புல பண்ணின மாதிரி" என்று அத்தை தடவிப் பார்த்தார். பாக்கெட்டுக்கு மாற்றியதில் கொஞ்சம் பட்டுப்போயிற்று. சந்தூரில் ஒட்டுக் கட்டுவதில் கைதேர்ந்த ஒரு பெரியவரிடம் என் மகன் ஒரு பருவம் முழுவதும் எடுபிடியாக இருந்து கற்றுக்கொண்டான். 2021 ஜூலையில் அவன் தனியாகக் கட்டிய முதல் இருநூறில் பிடித்தது அறுபதுக்கும் குறைவு. குச்சியை மரத்திலேயே விட்டு இலையை மட்டும் பத்து நாள் முன்பே கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் மொட்டு புடைத்து வரும் என்பதை அவன் அவசரத்தில் விட்டிருந்தான். அன்றைக்கு அவன் சாப்பிடாமல் படுத்தான். மறுநாள் மீண்டும் கட்டினான்.

1895-இல் அமெரிக்க லுத்தரன் சபையான மிசௌரி சினடின் சார்பில் கிருஷ்ணகிரிக்கு வந்து ஊழியத்தைத் தொடங்கியவர் தியோடர் நேத்தர். எங்கள் சபையின் கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1904-இல் பிளேக் நோயில் அவர் இறந்துபோனார். கொள்ளை நோய்க் காலத்தில் பூட்டிய ஆலயத்தின் வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். தாம் நட்டது மரமாவதைக் காணாமலே போனவர். நான் ஓர் ஆண்டில் பலன் கேட்டுக் கணக்குப் பார்க்கிறவளாக இருந்ததை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு பை வாங்கவும் நிழல்வலை போடவும் பணம் கொடுத்தது எங்கள் மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு முதன்முதலாகத் தொடங்கப்பட்டது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கிருஷ்ணகிரி 2004-இல்தான் தனி மாவட்டமானது. வறண்ட மாவட்டம் என்று பெயரெடுத்த எங்கள் மண்ணில் பெண்கள் பத்தும் இருபதுமாகச் சேர்த்த பணம், முப்பது ஆண்டு கழித்து என் வாசலுக்கும் வந்து சேர்ந்தது. குழுவில் பெரும்பாலோர் என் விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். அவர்கள் கையிலிருந்து வந்ததையும் நான் கர்த்தருடைய கையிலிருந்து வந்ததாகவே பெற்றுக்கொண்டேன். அவர்களிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

கடன் ஒரே நாளில் தீரவில்லை. வேர்ச்செடியாக விற்றது, ஒட்டுச்செடியாக விற்றது, மகன் பிற பண்ணைகளுக்குப் போய்க் கட்டிய கூலி எல்லாம் சேர்த்து, 2024 கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்பு கடைசித் தவணையைக் கட்டினோம். அடகு வைத்ததில் என் தாலிக்கொடி மட்டும் திரும்பி வந்தது. வளையல்கள் ஏலத்தில் போய்விட்டன. என் கணவர் இன்றும் கோலூன்றித்தான் நடக்கிறார், மரம் ஏறுவதில்லை. அத்தை 2022-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கடன் முடிந்ததை அவர் காணவில்லை. ஆனால் அறுநூறு பாமாயில் பாக்கெட்டுகளில் பச்சை பிடித்து நின்றதைக் கண்டிருந்தார். அவற்றின் நடுவே கட்டிலைப் போடச் சொல்லிப் படுத்துக்கொண்டு, எண்ணெய்க்காரிக்குக்கூட இத்தனை பாத்திரம் கிடைத்திருக்காது என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

இந்த 2025-ஆம் ஆண்டும் பெங்களூரா விலை விழுந்துவிட்டது. ஜூன் மாதம் முழுவதும் எங்கள் மாவட்டத்தில் தோப்பு வைத்திருந்தவர்கள் எல்லோருடைய முகத்திலும் நான் பழைய என்னையே பார்த்தேன். போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண், ஐந்து ஏக்கர் குத்தகை எடுத்து நஷ்டப்பட்டவள், விடிவதற்கு முன்பே வந்து வாசலில் நின்றாள். அந்த நேரத்தில் ஏன் வந்தாள் என்பது எனக்குத் தெரியும். காபி போட்டுக் கொடுத்தேன். அவள் அழுது முடிக்கும் வரைக்கும் நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, உன் தோப்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

நேற்று மாலை அவளுடைய பாத்தியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து கொட்டை போட்டோம். வளைந்த முதுகு மேலே இருக்கும்படி வை, அழுத்தாதே, மேலே விரற்கடை மண் போதும் என்று காட்டிக் கொடுத்தேன். அவள் கொண்டுவந்த கூடையில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. நான் மடித்து வைத்திருந்த காலி பாக்கெட்டுகளை மகன் இன்று காலை சைக்கிளில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். அவளுடைய தெருவில் கேட்கப் போகும்போது நானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.